பாரிஸில் ஒரு வியட்நாம் சாப்பாட்டுக் கடை

பாரிஸ் மாநகருக்குச் சென்று மீண்டவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஈபெல் கோபுரமும் லூவர் நூதனசாலையும் சேன் நதியும் தவறாது இடம்பெறும். அவற்றை நாமும் கண்டோம், கண்டு வியந்தோம். ஆயினும் அவை பற்றி வாசகர்கள் போதிய அளவு படித்திருப்பார்களாதலின், அந்நகரின் தெற்கு மூலையில் உள்ள ஒரு சிறிய வியட்நாம் சாப்பாட்டுக் கடையைப் பற்றி மாத்திரமே இங்கு எழுதக் கருதுகின்றோம். கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றிற் பிறந்து வளர்ந்த எமக்கு, அங்கு உண்ட ஒருவேளை உணவு அந்நகரத்து மாளிகைகளைக் காட்டிலும் நெருக்கமாகப் பட்டது. அஃது ஏன் என்பதைச் சொல்ல வேண்டுமாயின், உணவை விட்டு மரத்துக்கும் சிறிது போக வேண்டியிருக்கும்.

2024 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், பாரிஸில் வசிக்கும் தம் மகனைப் பார்க்க எம் தமக்கையார் புறப்பட்டார். எட்டியாந்தோட்டைக்கு அப்பாற் பட்ட தோட்டமொன்றில் இருபத்தைந்து ஆண்டுகள் பால் வெட்டி ஓய்ந்தவர் அவர். தனியே விமானமேற அஞ்சியமையால் நாமும் துணை சென்றோம். மருமகனின் வீடு, நம்மவர்கள் 'லாச்சப்பல்' என்று வழங்கும் பகுதிக்கு அண்மையில் இருந்தது. அங்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் காணலாம். 1985 இல் தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் மணியோசையும் கேட்கலாம். நான்கு நாட்கள் சோறும் கறியும் உண்டபின், ஐந்தாம் நாள் மருமகன், "மாமா, இன்றைக்கு வேறு ஒருவருடைய சோற்றைச் சாப்பிட்டுப் பார்ப்போமா?" என்றான்.

கார் து நோர் நிலையத்தில் ஐந்தாம் இலக்கப் பாதாள ரயிலில் ஏறினால், அதன் தெற்கு முடிவிடமான பிளாஸ் திதாலியில் இறங்கலாம். பூமிக்கடியில் ஓடும் அந்த ரயில், சேன் நதியை மாத்திரம் வெளிச்சத்துக்கு வந்து பாலத்தின்மேற் கடக்கின்றது. தூறல் விழுந்த நதியைக் கண்ட தமக்கையார், "நம்ம களனி கங்கை போலக் கலங்கித்தான் ஓடுது" என்று திருப்தியடைந்தார்.

இறங்கி நடந்தால் சுவாசி வீதியும் இவ்ரி வீதியும் வருகின்றன. இது நகரின் 13 ஆம் வட்டாரம். 1970 களில் இங்கே வானளாவிய அடுக்குமாடிகளைக் கட்டினார்கள். பாரிஸ்வாசிகளோ எதிர்பார்த்த அளவுக்கு அவற்றிற் குடியேற வரவில்லை. 1975 இல் சைகோன் வீழ்ந்ததன் பின்னர் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளிலிருந்து ஓடிவந்த அகதிகளே அவற்றை நிரப்பினார்கள். இன்று அவ்வீதிகளில் மங்குஸ்தானும் பலாச்சுளையும் விற்கின்றார்கள்.

நாம் நுழைந்த கடையில் பன்னிரண்டு மேசைகள் இருந்திருக்கும். மேசை விரிப்பு இல்லை. குச்சிகளும் கரண்டிகளும் ஒரு தகரக் குவளையிற் குத்தி வைக்கப்பட்டிருந்தன. அறிமுகமில்லாதவர்களோடு தோள் உரச அமர வேண்டும். வாசலருகே தரையோடு தரையாக ஒரு சிறு சிவப்பு மாடம். அதிலே ஊதுபத்தியும் தோடம்பழமும் வைத்திருந்தார்கள். கடையைக் காக்கும் பூமி தெய்வமாம். தமக்கையார் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்ட பின்னரே அமர்ந்தார்.

விலைப்பட்டியலைக் கண்டதும் அவர் கணக்குப் போடத் தொடங்கினார். ஒரு கிண்ணம் 12 யூரோ. அன்றைய மாற்று விகிதப்படி ஏறத்தாழ நாலாயிரம் ரூபா. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று அரசாங்கம் நிர்ணயித்து அப்பொழுது சில வாரங்களே ஆகியிருந்தன. "மூன்று பேர்!" என்றார் தமக்கையார். தோட்டத்துப் பேச்சில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. மழை பெய்தாற் பால் வெட்ட இயலாது, பேரும் விழாது. மூன்று பேரை ஒரே கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பதா என்று அவர் தயங்கியதில் வியப்பில்லை.

இரண்டாவது தயக்கம் மாட்டிறைச்சி பற்றியது. அக்கடையின் சிறப்புணவு 'ஃபோ' எனப்படும் அரிசி நூடில்ஸ் சூப்பு. அது பெரும்பாலும் மாட்டெலும்பிற் காய்ச்சப்படுவது. தமக்கையாரோ அதனைத் தீண்டாதவர். கோழியிற் செய்ததும் உண்டு என்று மருமகன் சொல்லி அதனையே வருவித்தான். அதன் சாறும் வேறு பானையிற் கொதிப்பதுதானா என்று உள்ளே சென்று விசாரித்து வந்த பின்னரே அவர் இசைந்தார்.

கிண்ணம் வந்தது. அதன் அளவைப் பார்த்து நாலாயிரம் ரூபாவைப் பற்றிய கவலை பாதி நீங்கிற்று. தெளிந்த சாற்றினடியில் இடியப்பம் போன்ற, ஆனால் தட்டையான அரிசி இழைகள். மேலே கோழித் துண்டுகள், வெங்காயத்தாள். தனியே ஒரு தட்டு நிறையப் பச்சிலைகள், முளைப்பயறு, தேசிக்காய், மிளகாய். இலைகளை அவரவரே கிள்ளிப் போட வேண்டும். தமக்கையார் ஒவ்வொன்றாக முகர்ந்து, "இது புதினா, இது மல்லி, இது திருநீற்றுப்பச்சை" என்று பெயர் சொல்லி அடையாளம் கண்டார். சாற்றிலே கறுவாவும் கராம்பும் அன்னாசிப்பூவும் நெருப்பிற் சுட்ட இஞ்சியும் மணந்தன. பிரியாணியின் சரக்குகளையே எடுத்து, காரத்தையும் நெய்யையும் நீக்கிவிட்டு, நீரோடு நெடுநேரம் பேச விட்டாற் போன்ற சுவை. உப்புக்கு மீன் ஊறலிலிருந்து வடித்த நீர் ஊற்றுகின்றார்கள். அதன் வாடை முதலில் முகத்திலடிக்கும். மாசிக் கருவாட்டுச் சம்பல் உண்டு வளர்ந்த நமக்கு அஃது இரண்டு நிமிடத்திற் பழகிவிடும்.

குடிப்பதற்கு வந்த பச்சை நிறப் பானம்தான் பெரிய வியப்பு. ஒரு மிடறு குடித்த தமக்கையார், "வல்லாரை!" என்றார். ஆம், வல்லாரையே. நமது சிங்கள அயலவர்கள் காலையிற் கொலகெந்த என்னும் இலைக்கஞ்சியாகக் காய்ச்சுவதும், நாம் சம்பலாக அரிந்து உண்பதுமான அதே இலையை, வியட்நாமியர் அரைத்துச் சீனி கலந்து குளிராகப் பருகுகின்றார்கள். எமக்குச் சம்பலே மேல் என்று தோன்றிற்று. அது பழக்க தோஷமாக இருக்கலாம்.

நிற்க. உணவு முடிந்து, தகர வடிகட்டியிலிருந்து டின் பாலின்மேற் சொட்டுச் சொட்டாக இறங்கும் கோப்பிக்காக நாம் காத்திருந்த வேளையில், கடைக்காரப் பெண்மணி எமது மேசைக்கு வந்தார். அறுபது வயதைக் கடந்தவர். எந்த நாடு என்று மருமகனிடம் பிரெஞ்சு மொழியில் வினவினார். இலங்கை என்றதும், எல்லாரையும் போலவே, தேயிலையா என்று கேட்டார். தேயிலையன்று, இறப்பர் என்று அவன் கூறினான். அவர் விளங்காதவர் போல நிற்கவே, தமக்கையார் தம் வலக்கையை உயர்த்தி, காற்றிலே இல்லாத ஒரு மரத்தை இடமிருந்து வலமாகச் சாய்வாகக் கீறிக் காட்டினார். அப்பெண்மணி கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு, தாமும் அதே கோணத்தில், அதே சாய்வில், காற்றைக் கீறினார்.

அவருடைய பாட்டனார் வடக்கு வியட்நாமின் ஆற்றுச் சமவெளியிலிருந்து மூன்றாண்டு ஒப்பந்தத்தில் தெற்கிலுள்ள இறப்பர்த் தோட்டத்துக்குக் கொண்டு செல்லப்பட்டவராம். மகனும் அங்கேயே பால் வெட்டினாராம். அவர் தாம் சைகோனில் வளர்ந்து, 1979 இற் படகேறி வந்தவர்.

இங்கே மரத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1876 ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொணர்ந்தார். முளைத்தவை சிலவே. அவற்றுள் ஏறத்தாழ 1,900 நாற்றுக்கள் அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேகாலை, இரத்தினபுரிக் குன்றுகள் இறப்பர்க் காடாயின. பிரெஞ்சுக்காரர் 1897 இல் அதே மரத்தைச் சைகோனுக்குக் கொண்டு சென்றனர். நாட்ராங் நகருக்கு அண்மையில் அதனைப் பயிரிட்டவர்களுள் ஒருவர், கொள்ளைநோய்க் கிருமியை 1894 இற் கண்டறிந்த மருத்துவர் யெர்சின் என்பது பலர் அறியாத செய்தி.

1925 முதல் அங்கே பெருந்தோட்டங்களைத் திறந்த கம்பெனி எது தெரியுமா? டயர் செய்யும் மிச்செலின் கம்பெனி. உலகத்து உணவுச்சாலைகளுக்கு நட்சத்திரம் வழங்கும் நூலை வெளியிடுவதும் அக்கம்பெனியே. 1900 இல் மோட்டார் ஓட்டிகளுக்கு வழிகாட்டியாகத் தொடங்கிய அந்நூல், 1926 இல் நல்ல சாப்பாட்டுக்கு நட்சத்திரமிடத் தொடங்கிற்று. பிரான்சிலே சுவையை எடைபோட்ட அதே ஆண்டுகளில், அக்கம்பெனியின் ஃபூ ரியெங் தோட்டத்தில் மலேரியாவும் பிரம்படியும் கூலிகளைத் தின்றுகொண்டிருந்தன. நமது கங்காணிக்கு நிகராக அங்கே 'காய்' எனும் மேலாள் இருந்தான். 1930 ஆம் ஆண்டு, வியட்நாமியப் புத்தாண்டை ஒட்டி, ஃபூ ரியெங் தொழிலாளர் ஏறத்தாழ 5,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். படையை வருவித்தே அதனை அடக்கினார்கள். நட்சத்திரம் பெறும் பாரிஸ் உணவுச்சாலைகளில் நாம் நுழையவில்லை. நுழைந்திருந்தாலும் இந்நினைவு வந்தபின் உணவு இறங்கியிருக்குமோ என்பது ஐயமே.

சோற்றுக்கும் இறப்பருக்கும் உள்ள உறவை நம் நாட்டார் அறியாதவரல்லர். 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு ஐந்தாண்டு ஒப்பந்தமொன்று செய்தது: ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் நாம் கொடுப்பது, 2,70,000 தொன் அரிசி அவர்கள் கொடுப்பது. அமெரிக்கா சினந்தது, ஆனால் பங்கீட்டு அரிசி வந்து சேர்ந்தது. எட்டியாந்தோட்டை லயங்களில் அப்பொழுது பொங்கிய உலைகளுட் பலவற்றில், எம் தாயார் வெட்டிய பாலே சுற்றி வந்து சோறாகக் கொதித்தது எனலாம்.

இவ்வளவையும் அப்பெண்மணியிடம் சொல்ல மருமகனின் பிரெஞ்சு போதவில்லை. அவர் சமையலறைப் பக்கம் திரும்பி எவரையோ அழைத்தார். தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். வந்தவர் கேட்ட முதற் கேள்வி, "நீங்க எந்தத் தோட்டம்?" என்பது. மலைநாட்டுத் தமிழன் உலகின் எம்மூலையில் எதிர்ப்பட்டாலும் இக்கேள்வியைத்தான் கேட்பான்.

அவர் கஹவத்தைப் பகுதியைச் சேர்ந்தவர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. லயம் எரிந்தது. குடும்பத்தோடு இரவு முழுவதும் இறப்பர்க் காட்டினுள் ஒளிந்திருந்து, பின்பு வவுனியாவுக்குச் சென்று, அங்கும் யுத்தம் துரத்த, இறுதியிற் பாரிஸ் வந்து சேர்ந்திருக்கின்றார். அக்கடையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை. நாம் சற்று முன் வியந்து உண்ட சாற்றை விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பேற்றியவர் அவரே.

"ரெண்டு வருஷம் கோப்பை கழுவினேன், ஐயா. அதுக்குப் பிறகுதான் மதாம் சூப்புச் சட்டியத் தொட விட்டாங்க. ஒருநாள் நம்ம நாட்டுக் கறுவாவைப் போட்டுப் பார்த்தேன். குடிச்சுப் பார்த்துட்டு, இது ரொம்ப மென்மை, எங்க பட்டை முரடா இருக்கணும்னு சொல்லி எல்லாத்தையும் ஊத்தச் சொல்லிட்டாங்க" என்று சிரித்தார். அந்த மதாமும், சொல் விளங்காமலே, கறுவாக் கதைதான் என்று கண்டுகொண்டு தாமும் சிரித்தார். எந்தெந்தக் காட்டில் எவரெவர் ஒளிந்திருந்தார்கள் என்பதை இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருவருக்கொருவர் எத்தனை முறை சொல்லியிருப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்த்தோம், கேட்கவில்லை.

தமக்கையாரின் கணவர் வழி உறவினர் கஹவத்தைப் பக்கத்தில் இருப்பதால், அவருக்கு அத்தோட்டம் தெரிந்திருந்தது. அதனை அறிந்ததும் அம்மனிதரின் முகம் மாறிற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"மேல்மலை றப்பர் இன்னும் நிக்குதா, அக்கா?"

"பழைய மரமெல்லாம் தறிச்சிட்டாங்க, தம்பி. புதுக்கன்று வெச்சு, இப்ப அதுலதான் பால் வெட்டுறாங்க."

"ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய கல்லு இருக்கும். அதுக்குக் கீழே முனியாண்டி கோயில்."

"கோயில் இருக்குது. புதுத் தகரம் போட்டிருக்காங்க. கல்லும் இருக்குது."

"அந்தக் கல்லுக்குப் பின்னாலதான், அக்கா, அன்னைக்கு ராத்திரி நாங்க இருந்தோம்."

தமக்கையார் ஒன்றும் பேசவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். சமையலறையில் மணி அடித்தது. அவர் எழுந்து, ஊருக்குப் போனால் அந்தக் கோயிலில் ஒரு சூடம் கொளுத்தும்படி சொல்லி, இருபது யூரோத் தாளொன்றை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கோப்பிக்கு மதாம் காசு வாங்க மறுத்துவிட்டார். வெளியே தூறல் நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் குடையோடு வரிசையில் நின்றமையால், நாம் விரைந்து எழுந்து மேசையை விட்டுக் கொடுத்தோம்.