சிரிக்க நேரமுண்டு

கடியப்பட்டணம் நம் தாயார் பிறந்த ஊர். ஒருபுறம் முட்டத்துக் கலங்கரை விளக்கம். மறுபுறம் வள்ளியாறு கடலில் கலக்கும் பொழிமுகம். இடையே பாறைகளும் மணலும், கரையேற்றி வைத்த கட்டுமரங்களும். ஊர்க்கோயில் புனித பேதுரு, பவுல் பெயரால் அமைந்தது. நம் பாட்டாவுக்கோ அவர்கள் இறுதிவரை இராயப்பரும் சின்னப்பரும்தாம். பள்ளி விடுமுறைகளிலும் திருவிழா நாள்களிலும் நாம் அங்கேதான் வளர்ந்தோம்.

திருவிழா என்றால் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் மட்டுமல்ல. சிறுவர்களாகிய நமக்கு அது படம் காட்டும் இரவும் ஆகும். இரண்டு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் திரை கட்டுவார்கள். கடற்காற்றில் அது பாய்மரம் போலப் புடைத்து நிற்கும். கதாநாயகியின் முகம் ஒரு நொடி வீங்கும், மறு நொடி சுருங்கும். முன்புறம் இடம் கிடைக்காதவர்கள் திரையின் பின்புறம் அமர்ந்து, வலது இடதாக மாறிய படத்தைக் குறையேதும் சொல்லாமல் பார்ப்பார்கள். சுருள் மாற்றும் இடைவேளையில் மட்டும் கடலின் இரைச்சல் நம் காதில் விழும்.

நமக்குப் பத்து வயதிருக்கும். அந்த ஆண்டு நம் சின்ன மாமா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவர் நாகேஷின் பரம இரசிகர். வலையைப் பொத்திக்கொண்டே நாகேஷைப் போல் பேசிக் காட்டுவார், கரையே சிரிக்கும். அவர் போன பிறகு அந்த வீட்டில் சிரிப்பு என்பதே இல்லை. பாட்டா பேச்சையும் குறைத்துக்கொண்டார். அவ்வாண்டுத் திருவிழாவில் திரையிட்ட படம் 'காதலிக்க நேரமில்லை'. வீட்டார் யாரும் போகவில்லை. நாம் மட்டும் சிறுவன் என்ற சலுகையில் ஓடிவிட்டோம். பாதிப் படத்தில் திரும்பிப் பார்த்தால், கூட்டத்தின் கடைசியில், தோளில் துண்டுடன் பாட்டா நிற்கிறார்.

ஸ்ரீதர் இயக்கத்தில் 1964இல் வெளிவந்த அப்படத்தைப் பாராத தமிழர் சிலரே இருப்பர். சின்னமலைப் பண்ணையார் விசுவநாதனாக டி. எஸ். பாலையா, படம் எடுக்கத் துடிக்கும் அவர் மகன் செல்லப்பாவாக நாகேஷ். கம்பெனியின் பெயர் 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்'. கையில் பணமில்லை, கதையுமில்லை. அந்தச் செல்லப்பா தன் தந்தைக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சி வந்தது. கூட்டம் புரண்டு சிரித்தது. பாட்டாவும் சிரித்தார், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு எப்பொழுது அழுகையாயிற்று என்று நமக்குத் தெரியவில்லை. அஞ்சி ஓடிப்போய் அவர் கையைப் பற்றினோம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவன் இருந்தா இதுக்கு எப்படிச் சிரிப்பான் மக்கா!" என்றார். அவ்வளவுதான். அன்றிரவு அவர் வீட்டுக்கு வந்து, பல மாதங்களுக்குப் பிறகு, ஒரு வட்டில் கஞ்சியை முழுவதும் குடித்தார் என்று நம் அம்மா பின்னாளில் சொல்லக் கேட்டோம்.

பிற்காலத்தில் அக்காட்சியைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அதில் நாகேஷ் சொல்வது ஒரு கதையே அன்று. கதவின் ஓசை, காற்றின் ஓசை, காலடி ஓசை என வெறும் ஓசைகளையும் கையசைவுகளையும் கொண்டே ஒரு பேய் வீட்டைக் கட்டிவிடுகிறார். ஆயினும் அந்த வீட்டுக்குள் உண்மையில் குடியேறுபவர் பாலையா. முந்திய படங்களில் வில்லனாக நம்மை நடுங்கச் செய்த அந்த மனிதர், இங்கே மிகக் குறைவாகப் பேசி, கண்ணாலும் வாயோரத்தாலும் நடுங்குகிறார். சொல்பவரின் திறமை பாதி; கேட்பவரின் திறமை மறுபாதி. ஞாயிறுதோறும் மறையுரை ஆற்றும் நமக்கு இது நன்றாகவே விளங்கும். நம் மறையுரையின்போது முதல் வரிசை அன்பர் ஒருவர் பாலையாவைப் போல் ஒருமுறையேனும் விழித்துப் பார்க்கமாட்டாரா என்ற ஏக்கம் நமக்கு இன்றும் உண்டு. அவர் விழிப்பதே இல்லை!

அதே 1964ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது 'சர்வர் சுந்தரம்'. கே. பாலசந்தரின் நாடகம், கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய படம். உணவு விடுதிப் பணியாளன் ஒருவன் சினிமாவில் புகழின் உச்சிக்குப் போகிறான். அவன் விரும்பிய பெண்ணோ அவனுடைய நண்பனை விரும்புகிறாள். தாயின் இறுதி நேரத்தில் அருகிருக்கவும் அவனால் இயலாமற்போகிறது. ஊரைச் சிரிக்க வைப்பவனின் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் படம் இது. நாகேஷின் முகத்தில் அம்மைத் தழும்புகள் இருந்தன. அம்முகத்தை மறைக்காமல், அதையே முதலாக வைத்து அவர் தமிழகத்தை ஆண்டார். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்க வல்லவனைப் பிறருடைய ஏளனம் தீண்டுவதில்லை.

1967இல் வந்த பாலசந்தரின் 'பாமா விஜய'த்தை ஒவ்வொரு பங்கிலும் ஆண்டுக்கொருமுறை திரையிடலாம் என்பது நம் கருத்து. அடுத்த வீட்டுக்கு ஒரு நடிகை குடிவருகிறாள். அவளுக்குச் சமமாகத் தோன்ற வேண்டும் என்று ஒரு கூட்டுக் குடும்பத்தின் மூன்று மருமக்களும் கடன் வாங்கிப் பகட்டுக் காட்டுகிறார்கள். குடும்பம் ஆட்டம் காண்கிறது. நம் கடற்கரையில் திருமணத்துக்கும் புதுநன்மைக்கும் வாங்கிய கடனை அடைக்க, ஆண்டுக்கணக்கில் வலையிழுக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். நாம் பத்து மறையுரைகளில் சொல்லியும் ஏறாதது, பாலையாவின் ஒரு பெருமூச்சில் ஏறிவிடுகிறது.

ஜே. பி. சந்திரபாபுவை மறந்தால் கடற்கரை நம்மை மன்னிக்காது. தூத்துக்குடியில் 1927இல் பிறந்த கத்தோலிக்கர். பனிமய அன்னையின் பெயரால் பனிமயதாஸ் என்று அழைக்கப்பட்டவர். 1958இல் 'சபாஷ் மீனா'வில் இரட்டை வேடத்தில் வயிறு குலுங்கச் செய்தவர், 1966இல் தாமே ஒரு படத்தை இயக்கினார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'தட்டுங்கள் திறக்கப்படும்'. நற்செய்தியிலிருந்து எடுத்த தலைப்பு. ஆனால் வெற்றியின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. 1974இல் வறுமையில் மறைந்தார்.

இவர்கள் அனைவருக்கும் முன்னோடி நம் மாவட்டத்துப் பிள்ளை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், கொலை வழக்கொன்றில் சிக்கிச் சிறையில் ஆண்டுகளைக் கழித்து, 1947இல் விடுதலையானார். வெளியே வந்தவர் கசப்பைக் கொண்டுவரவில்லை. 1949இல் 'நல்லதம்பி'யில் 'கிந்தனார்' கதையைக் காலட்சேபமாகச் சொல்லி, கல்வியின் உயர்வைச் சிரிப்பிலே குழைத்துத் தந்தார்.

அக்காலச் சிரிப்பெல்லாம் மாசற்றது என்று நாம் வாதிட வரவில்லை. திக்குவாய், கருத்த நிறம், பருத்த உடல், மனைவியின் அறியாமை ஆகியவற்றைப் பார்த்துச் சிரிக்கச் சொன்ன காட்சிகளும் அவற்றுள் உண்டு. அவற்றை இன்று பார்க்கையில் நமக்கு முகம் சுளிக்கிறது. அன்று நாமும் சேர்ந்து சிரித்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை. எளியவனைப் பார்த்துச் சிரிப்பது வேறு. எளியவனோடு சேர்ந்து சிரிப்பது வேறு.

குருமடத்தில் நாம் புனித தாமஸ் அக்குவினாசின் இறையியல் தொகுப்பைப் பயின்றோம். விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டா என்று ஆராயும் இடத்தில், எப்பொழுதும் வளைத்தே வைத்த வில் முறிந்துபோகும் என்னும் பழைய கதையை அவர் எடுத்துக்காட்டுகிறார். மனமும் அத்தகையதே. தேர்வில் இதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயின் எழுதியது நெஞ்சில் இறங்கவில்லை என்பதற்கு நாமே சான்று.

குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வேறொரு கடற்கரைப் பங்கில் பணி. திருவிழாவுக்கு இரு வாரங்களுக்கு முன் ஓர் இளைஞன் கடலில் இறந்தான். படம் காட்டுவதற்கு ஏற்பாடு முடிந்திருந்தது. பழைய நகைச்சுவைப் படம் ஒன்று. துக்கமுள்ள ஊரில் சிரிப்பா என்று நாம் பீடத்திலிருந்தே அறிவித்து அதை நிறுத்தினோம். நம் கண்டிப்பைப் பெரியவர்கள் பாராட்டினார்கள். நமக்கும் உள்ளூரப் பெருமைதான்.

மாலையில் இறந்தவனின் தாய் பங்கு இல்லத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார். "சாமி, எம்பிள்ளைக்காகப் படத்த நிறுத்தினீங்களாம். அவன் வருசந்தோறும் முன்னால கெடந்து பாப்பான். படம் ஓடட்டும் சாமி. நானும் வந்து இருக்கேன்" என்றார்.

நாம் மறுத்துவிட்டோம். அறிவித்தது அறிவித்ததுதான் என்றோம். அவருக்கு ஆறுதலாக இரண்டு இறைவாக்குகளையும் சொல்லி அனுப்பினோம். அவர் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. இரவு உணவுக்குப் பின் முற்றத்துக்கு வந்தோம். படம் ஓடியிருக்க வேண்டிய மைதானம் இருண்டு கிடந்தது. அதன் முன்பகுதியில், மணலில், அந்த அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். அப்பொழுதுதான் பாட்டாவின் சொல் நம் காதில் விழுந்தது. இருபது ஆண்டுகள் அது எங்கே போயிருந்தது என்று நமக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மீன் விற்கப் புறப்பட்டுவிட்டிருந்தார். படப்பெட்டியும் வண்டியேறிப் போய்விட்டிருந்தது. சில நாள்கள் கழித்து வழியில் கண்டு மன்னிப்புக் கேட்டபோது, "போட்டு சாமி" என்று மட்டும் சொன்னார். அடுத்த திருவிழாவுக்குள் மகளோடு வேற்றூர் போய்விட்டார்.

2024ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் பல நாடுகளின் நகைச்சுவைக் கலைஞர்கள் நூற்றுக்கு மேற்பட்டோரை வத்திக்கானில் சந்தித்தார். அச்செய்தியைப் படித்தபோது நாம் நினைத்தது அந்த அரண்மனையையன்று; அந்த இருண்ட மைதானத்தைத்தான். ஈசாக்கு என்னும் பெயருக்கே சிரிப்பு என்பது பொருள். முதுமையில் பெற்ற மகனுக்கு அப்பெயரைச் சூட்டிய வீட்டாரின் வழிவந்தவர்கள் நாம். துக்க வீட்டில் சிரிப்பு நுழைந்தால் அது இறந்தவரை அவமதிப்பதாக நாம் எண்ணுகிறோம். சில வேளைகளில் இறந்தவரே அந்தச் சிரிப்பாக வந்து திண்ணையில் உட்காருகிறார்.

அன்றுமுதல் நாம் பணியாற்றிய பங்குகளில் திருவிழா வாரத்தில் ஒரு பழைய நகைச்சுவைப் படம் கட்டாயம் உண்டு. இப்பொழுது சுருள் இல்லை, கைப்பேசியில் எல்லாரிடமும் எல்லாப் படமும் இருக்கிறது, ஆயினும் வருகிறார்கள். நாம் கடைசியில் நின்று பார்ப்போம். பாலையா நடுங்கத் தொடங்கும்போது நம் கண்கள் திரையில் இருப்பதில்லை. கூட்டத்தில் தனித்து நிற்கும் வயதானவர் யாரேனும் சிரிக்கிறாரா என்று தேடிக்கொண்டிருப்போம்.