பூவை விடுங்கள், வேலையைப் பாருங்கள்

படம் போடக் கற்க வருகிறவர்கள் பழைய சேலையிலிருந்து ஒரு மாங்காயையோ கொடியையோ பெரிதாக வரைந்து, அரூப ஓவியம் என்று நீட்டுவார்கள். பென்சிலை வாங்கி வைத்துவிட்டுக் காடாத் துணியைக் கையில் கொடுப்பேன். பூவை எடுக்காதீர்கள், அந்தச் சேலையில் வேலை நடந்த வரிசையை எடுங்கள். எனக்குத் தெரிந்த பாடம் இதுதான்.

இராஜபாளையத்தில் துணிக்குப் பஞ்சமில்லை. கஞ்சி போகத் துவைத்து, கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் முக்கிக் காயவையுங்கள். பால் சேராவிட்டால் கோடு ஊறிப் பரவும். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் போட்டுப் புளிக்கவைத்த நீர்தான் கறுப்பு. பானையில் வெறும் பழுப்பாகத்தான் இருக்கும். கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும் கறுக்கும். சிவப்பு இன்னும் கள்ளம். படிகார நீரால் வரைந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சாயவேர் போட்டுக் கொதிக்கவிட்ட பிறகுதான் எங்கெல்லாம் தொட்டோம் என்பது தெரியும். ஒரு பையன் சந்தேகத்தில் ஒரே இடத்தை மறுபடி மறுபடி தொட்டான். அங்கே மட்டும் திட்டுத் திட்டாய் அடர்ந்தது. தொட்ட இடத்தைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

என் ஆசான் கருப்பூர் கலம்காரி ஓவியர். கலம் என்னும் மூங்கில் பேனாவில் சுற்றிய கம்பளியை அவர் பிழிகிற அளவில்தான் கோட்டின் தடிமன் நிற்கும். "விரலால் பிழி, தோளால் இழு" என்பார். அந்தக் கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் கலத்தின் பிடி மாறிவிடவில்லை.

தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகக் கோடாலிக் கருப்பூரில் செய்த சேலைகளில் சரிகையை ஊடே நெய்துவிட்டு, அதன்மேல் மெழுகால் தடுத்துச் சாயம் ஏற்றினார்கள். பொன் அடியிலிருந்து மங்கலாக ஒளிரும். என் படங்களில் காவிமஞ்சளை அடியில் போட்டுச் சிவப்பை மேலே ஏற்றுவது அந்தச் சேலைகளிலிருந்து கற்றதுதான்.

துணிவேலை ஓவியருக்குக் குறைச்சல் என்று நினைக்கிறவர்கள் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பார்க்கட்டும். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரோடு அதைத் தொடங்கிய ஓவியர்கள் பத்திக் துணி செய்து விற்றுத்தான் பிழைப்பையும் ஓவியத்தையும் சேர்த்து நடத்தினார்கள்.

சாயம் ஏற்றிய துணியை ஓடும் நீரில் அலச வேண்டும் என்று பிள்ளைகள் அய்யனார் கோவில் ஆற்றுக்குக் கிளம்புவார்கள். ஊர் குடிக்கிற தண்ணீர் அது. பாறையில் நீர் அரித்த வரிகளைப் பார்த்துவிட்டு வாருங்கள், அலசலை வீட்டுத் தொட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீரில் இரும்பு இருந்தால் துணி முழுக்கச் சாம்பல் பூக்கும். மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

கற்க வருகிறவர்கள் கேன்வாஸ் வாங்க வேண்டாம். இரண்டு மீட்டர் காடாவும் கால் கிலோ கடுக்காயும் போதும். ஐப்பசியில் மட்டும் வராதீர்கள், துணி காயாது.