பெயர் மாறிய கப்பல்

2012ஆம் ஆண்டு குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைபடுவதற்காக ஒரு கப்பல் வந்தது. பெயர் 'ஓரியண்டல் நைசிட்டி'. பெயரை மட்டும் படித்தவருக்கு அது ஒரு பழைய தாதுக் கப்பல். 8414520 என்னும் அதன் ஐஎம்ஓ எண்ணைப் படித்தவருக்கோ, 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் பாறைத்திட்டில் மோதி ஏறத்தாழ 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டிய 'எக்ஸான் வால்டீஸ்'.

இடைப்பட்ட காலத்தில் அது 'மெடிட்டரேனியன்' எனவும் 'டோங் ஃபாங் ஓஷன்' எனவும் அழைக்கப்பட்டது. விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோள் என்பதைக் கொண்டு ஃபிரேகே எழுப்பிய கேள்வி, கப்பல் பதிவேடுகளில் அன்றாட அலுவல். பெயர், கொடி, உரிமையாளர் ஆகிய மூன்றையும் மாற்றலாம். எண்ணை மாற்ற இயலாது. சோலாஸ் உடன்படிக்கையின்கீழ் 1996 முதல் அது கட்டாயம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 120 வருகிறது; அதன் கடைசி இலக்கமான சுழியே ஏழாம் இலக்கம். தன்னைத் தவறாக எழுதியவரைத் தானே காட்டிக்கொடுக்கும் பெயர் மனித மொழிகளில் உண்டா என்ன?

அளவைச் சொற்கள் இன்னும் வழுக்கலானவை. 'டன்' என்பது மதுப்பீப்பாயைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதனால்தான் 1969 உடன்படிக்கை வரையறுத்த 'கிராஸ் டன்னேஜ்' எடையன்று. கப்பலின் உட்கொள்ளளவிலிருந்து கணிக்கப்படும் அலகற்ற எண். துறைமுகக் கட்டணத்துக்கு அது. வாடகைக்கு எடுப்பவர் பார்ப்பது சுமக்கும் திறனாகிய 'டெட்வெயிட்'. அலங்கின் வியாபாரிக்கு இரண்டுமே வேண்டா. வெறுங்கப்பலின் எடையாகிய 'எல்டிடி'க்கு, டன்னுக்கு இத்தனை டாலர் என்று விலை பேசுவார். ஒரே கப்பலைப் பற்றிய மூன்று எண்களும் உண்மை. கேட்பவர் யார் என்பதே வேறு.

நிர்வாகத்திலும் இதே சிதறல்தான். பதிவு உரிமையாளர் ஒரு நாட்டில், பராமரித்து மாலுமிகளை அமர்த்தும் நிறுவனம் வேறொரு நாட்டில், கொடி மற்றொரு நாட்டினுடையது. உடைப்பதற்கென்றே கப்பல் வாங்கும் இடைத்தரகர்கள் கடைசிப் பயணத்துக்காக மட்டும் பெயரையும் கொடியையும் மாற்றுவதுண்டு. சட்டப்படி இதில் குற்றமில்லை. ஆனால் வாயுச்சுடரால் இரும்புத்தகட்டை அறுக்கும் தொழிலாளிக்குத் தெரிய வேண்டியது, சுவருக்குள் கல்நார் இருக்கிறதா, தொட்டியில் எண்ணெய் எச்சம் மிஞ்சியிருக்கிறதா என்பதே. புதுப்பெயர் அதைச் சொல்லாது.

'ஓரியண்டல் நைசிட்டி'யைக் கரையேற்றலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2012 ஜூலை இறுதியில் அனுமதி கிடைத்தது. கப்பலிலுள்ள நச்சுப்பொருட்களின் பட்டியலைக் கட்டாயமாக்கும் ஹாங்காங் உடன்படிக்கையில் இந்தியா 2019இல் இணைந்தது. அது நடைமுறைக்கு வந்தது 2025 ஜூன் 26 அன்று. அந்தப் பட்டியலும் ஐஎம்ஓ எண்ணைத் தாங்கியே வருகிறது.

எக்ஸான் வால்டீஸின் இரும்பு இன்று எந்தக் கட்டடத்தின் கம்பியாக இருக்கிறதென்று எவராலும் சொல்ல முடியாது. 8414520 என்ற எண் மட்டும் இனி வேறெந்தக் கப்பலுக்கும் வழங்கப்படாது.