ஓடைநீரும் ஊதியமும்

கோடை விடுமுறை எல்லா மாணவருக்கும் ஒரேவிதமாக விடிவதில்லை. வசதி படைத்தவனுக்கு அது ஓய்வு. வசதியற்றவனுக்கோ அடுத்த தவணைக்கான பணத்தைத் தேடும் காலம். ஐக்கிய அமெரிக்காவிலே உணவுச்சாலையில் கோப்பை கழுவியும் கடைகளில் பொதி சுமந்தும் விடுமுறையைக் கழிக்கும் மாணவர் பலர். சூழலியலில் எத்துணை ஆர்வமிருப்பினும், கூலியின்றிப் பத்து வாரங்களைக் காட்டிலே கழிக்க அத்தகையோரால் இயலுமா? ஊதியமற்ற பயிற்சியே ஒரு துறையின் வாயிலாக அமையுமாயின், அவ்வாயிலில் அளக்கப்படுவது அறிவன்று. தந்தையின் பணப்பையே எனலாம்.

அந்நாட்டின் தேசிய விஞ்ஞான மன்றம் 1987 இல் தொடங்கிய இளநிலை மாணவர் ஆராய்ச்சி அனுபவத் திட்டம் இந்நிலையை ஓரளவு மாற்றியது. தெரிவுசெய்யப்பட்ட மாணவர் கொடுப்பனவு பெற்று, ஓர் ஆய்வாளரின் வழிகாட்டலில் கோடை முழுவதும் பணிபுரிவர். நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தின் வெண்மலைப் பகுதியிலுள்ள ஹபர்ட் புறூக் பரிசோதனைக் காடும் அத்தகைய மாணவரை வரவேற்ற இடங்களுள் ஒன்றாகும்.

1955 இல் நிறுவப்பட்ட அக்காட்டிலே, 1963 முதல் மழைநீரும் ஓடைநீரும் வாரந்தோறும் சேகரிக்கப்பட்டு வருகின்றன. மாசற்ற மழைநீரின் பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 5.6 ஆகும். அங்கு பெய்த மழையிலோ அது 4 ஐ அண்மித்திருந்தது. அதாவது, அமிலத்தன்மை இருபது மடங்குக்கும் அதிகம். தொலைவிலுள்ள புகைபோக்கிகள் உமிழ்ந்த கந்தகவீரொட்சைட்டே இதற்கு முக்கிய காரணம். ஜீன் லைக்கன்ஸ், ஹேர்பேட் போர்மன் ஆகியோர் 1974 இல் இவ்வாபத்தை எடுத்துரைத்தனர். 1990 இல் தூய வளிச் சட்டம் திருத்தப்பட்டமைக்கு இத்தகைய நீண்டகால அளவீடுகளும் துணைநின்றன. அதன்பின் மழையின் அமிலத்தன்மை பெரிதும் குறைந்தது.

இவ்வரலாற்றை அறிந்து அங்கு செல்லும் மாணவி, முதல் வாரத்திலேயே ஏமாற்றமடையக்கூடும். கண்டுபிடிப்பு எதுவும் அவளுக்காகக் காத்திருப்பதில்லை. கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு சரிவில் ஏறவேண்டும், போத்தலைக் கழுவவேண்டும், நீரை நிரப்பித் திகதியிடவேண்டும், மறுநாளும் அதுவே. நாட்செல்லவே அவளுக்கு ஓருண்மை புலனாகின்றது. தனியொரு போத்தல் எதையும் சொல்வதில்லை. அவள் பிறப்பதற்கு முன்னரே யாரோ நிரப்பிய போத்தல்களின் வரிசையில் நிற்கும்போதே அது பேசத்தொடங்குகின்றது. திகதியொன்றைப் பிழையாக எழுதினால் அவ்வரிசையில் ஒரு கண்ணி அறுந்துவிடும். பரீட்சைத்தாளில் விடும் பிழை அவளை மட்டுமே பாதிக்கும். இப்பிழையோ பின்வருவோர் அனைவரையும் ஏமாற்றும்.

ஊதியத்தின் பொருளும் இவ்விடத்திலேயே விளங்குகின்றது. அது மாணவிக்கு இடும் பிச்சையன்று. அவளது உழைப்பும் விஞ்ஞானத்தின் ஓர் அங்கமே என்னும் ஒப்புதலாகும். எனினும், இத்திட்டத்தின் நிதி அந்நாட்டுப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவாளருக்கும் மட்டுமே உரியது. ஒரு வாயில் அகலத் திறந்தபோதும் வேறொரு வேலி எஞ்சியே நிற்கின்றது.

மழைமேகம் மாநில எல்லைகளைக் கேட்டுப் பெய்வதில்லை. அதன் நீரை ஏந்தும் கைகளை மட்டும் பணப்பையும் பிறப்பிடமும் தெரிவுசெய்வது எவ்வகையில் நியாயமாகும்?