பில்லில் இல்லாத பூட்டு

2011 ஜனவரி 20 அன்று, நம்பரை மாற்றாமல் செல்போன் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். பதிலாக வரும் போர்ட்டிங் கோடைக் கொண்டுபோய்ப் புதிய நிறுவனத்தில் கொடுக்க வேண்டும். அப்போது கட்டணம் 19 ரூபாய்தான். அதை நம்பி நிறுவனம் மாறிய ஒருவருக்காகத் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் நான் வாதாடினேன்.

அவர் கல்யாண வீடுகளுக்குச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவர். மண்டபங்களில் அவர் நம்பரைத்தான் குறித்து வைத்திருப்பார்கள். நம்பர் போனால் பிழைப்பே போய்விடும். அம்பாசமுத்திரம் பக்கம் அவர் புதிதாகக் குடியேறிய ஊரில் பழைய நிறுவனத்துக்கு சிக்னல் இல்லை. முறைப்படி விண்ணப்பித்தார், நம்பரும் புதிய நிறுவனத்துக்கு மாறியது. ஆனால் புதிய சிம்மைப் போட்டதும் போன் திறப்பு எண் கேட்டது. பழைய நிறுவனத்தின் ஷோரூமிலேயே முழு விலை கொடுத்து வாங்கிய போன் அது. அங்கே போய்க் கேட்டதற்கு, “எங்க சிம்முக்கு மட்டும்தான் இது வேலை செய்யும்” என்று அனுப்பிவிட்டார்கள்.

“நம்பர விட்டுட்டானுவ, போனப் புடிச்சி வச்சிருக்கானுவ. இது என்ன நியாயம் சார்?” என்றார் என்னிடம். வழக்கின் சாரம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது.

இந்தப் பூட்டு போனின் மென்பொருளில் இருக்கிறது. ஐ.எம்.இ.ஐ. எனப்படும் 15 இலக்க எண் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உண்டு. அதற்கேற்பத் திறப்பு எண்ணும் மாறும். தவறான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் போன் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளவும் கூடும். கடைத்தெருவில் ஒருவர் திறந்து தருவதாகச் சொல்கிறார் என்றார் என் கட்சிக்காரர். “வேண்டாம் அண்ணாச்சி, நமக்கு முதல் சாட்சியே அந்தப் போன்தான். அதில் யாரும் கை வைக்கக் கூடாது” என்று தடுத்தேன். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். பதில் வரவில்லை. புகார் தாக்கல் செய்தோம்.

எதிர்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்தது, மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்ற ஆட்சேபணை. 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 7பி பிரிவு, தொலைபேசித் தகராறுகளை நடுவரிடம் அனுப்பச் சொன்னது. 2009 செப்டம்பரில் எம். கிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், இத்தகைய தகராறுகளுக்கு நுகர்வோர் மன்றம் இடமல்ல என்று தீர்ப்பளித்திருந்தது. அதைக் காட்டியே அந்நாளில் எத்தனையோ புகார்கள் தள்ளுபடியாயின.

நான் பில்லைச் சான்றாவணமாக வைத்தேன். அதில் போனின் விலை இருந்தது, வரி இருந்தது, ஐ.எம்.இ.ஐ. எண்ணும் இருந்தது; பூட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. “இது இணைப்பைப் பற்றிய வழக்கல்ல, கடையில் விற்ற பொருளைப் பற்றிய வழக்கு. பொருளை விற்றவர் அதன் குறையை மறைத்தது 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை” என்று வாதிட்டேன். பெட்டிக்குள் இருந்த துண்டுத்தாளில் நிபந்தனை அச்சாகியிருக்கிறது என்றார்கள். முத்திரையிட்ட பெட்டியைப் பணம் கட்டிய பிறகுதானே பிரிக்க முடியும் என்று கேட்டேன்.

அப்போது மன்றத் தலைவர் எதிர்தரப்பைப் பார்த்துக் கேட்டார்: “போன் விலையில் இவருக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தீர்கள்?” வழக்கு திரும்பியது அங்கேதான். நிறுவனம் தன் பணத்தைப் போட்டு விலையைக் குறைத்திருந்தால், அது வசூலாகும்வரை போனைப் பூட்டி வைப்பதற்கு ஒரு காரணம் சொல்லலாம். இங்கே ஒரு ரூபாய்கூடக் குறைத்ததாக அவர்களால் காட்ட முடியவில்லை.

ஆட்சேபணையை மன்றம் ஏற்கவில்லை. திறப்பு எண்ணைத் தர வேண்டும், தவறினால் போனின் விலையைத் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. நிறுவனம் மேல்முறையீடு செய்யாமல் எண்ணைக் கொடுத்தது.

எம். கிருஷ்ணன் தீர்ப்பு போட்ட தடை அதன் பிறகும் பல வழக்குகளில் குறுக்கே நின்றது. 2022 பிப்ரவரி 16 அன்று அஜய் குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீதான புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்பது இன்று ஐயமில்லாத சட்டம்.

இப்போது இந்தப் பூட்டுச் சிக்கல் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் போன்களில் வருகிறது. அங்கே தவணையில் வாங்கிய போனைப் பூட்டியே தருவது வழக்கம். தவணை முடிந்ததா, பூட்டு நீங்கியதா என்று அவர்கள் கிளம்புமுன் கேளுங்கள். இங்கே வந்த பின் அதைத் திறப்பது கடினம். உள்ளூரில் வாங்கினால், எந்த சிம்மும் வேலை செய்யும் என்பதை உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், மாவட்ட நுகர்வோர் மன்றத்தின் இன்றைய வடிவமான மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணமே இல்லை.