கிணற்றுப் பக்கம் முட்டை, காய்ந்த பக்கம் கூடு

பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் உடைந்த ஏஏசி பிளாக் ஒன்று கேட்டேன். “எடுத்துட்டுப் போப்பா, எதுக்கு?” என்றார். “எறும்புக்கு வீடு கட்டணும்ணே.” அவர் சிரிக்கவில்லை. கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்போ நாலஞ்சு நாள் தண்ணியில ஊறப்போடு. சுண்ணாம்பும் சிமெண்டும் சேர்ந்தது, தூளு காட்டமா இருக்கும்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டு, கோடை மழை விட்ட ஓர் இரவில், மொட்டைமாடி விளக்கடியில் ஒரு கட்டெறும்பு ராணி கிடைத்தாள். இறகை உதிர்த்துவிட்டுச் சுவரோரம் பொந்து தேடி அலைந்துகொண்டிருந்தாள். டெஸ்ட் டியூபின் அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. அவ்வளவுதான் வீடு. இருட்டு அலமாரியில் வைத்துவிட வேண்டும். உணவு தரக் கூடாது. இனிமேல் பறக்கப் போவதில்லை என்பதால், பறப்பதற்கென்று இருந்த தசையையே அவள் உடல் கரைத்துக்கொள்கிறது. முதல் பிள்ளைகளை அந்தச் சத்தில்தான் வளர்க்கிறாள். ஏழாம் வாரம் டார்ச்சை ஒரு நொடி அடித்துப் பார்த்தேன். தெருவில் பார்க்கும் கட்டெறும்பில் பாதி அளவுகூட இல்லாத மூன்று வேலைக்கார எறும்புகள் அவள் காலடியில் நின்றன.

மகிழ்ச்சியில் அவசரப்பட்டேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பெரிய கூடு ஒன்றை வார்த்தேன், பன்னிரண்டு அறைகளோடு. அப்போது இருந்தவை எட்டு எறும்புகள். காய்ந்துவிடுமோ என்ற பயத்தில் கூடு முழுவதையும் ஒரே சீராக நனைத்தும் வைத்தேன். இரண்டு அறையைக் குப்பைமேடாக்கின, மற்றவற்றைத் தொடவே இல்லை. பத்தே நாளில் மூலைகளில் பூஞ்சை வெள்ளையாகப் பூத்தது. ஒரு காலையில் பார்த்தால் கூடு காலி. முட்டை, புழு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, இணைப்புக் குழாய் வழியே பழைய டெஸ்ட் டியூபுக்கே திரும்பியிருந்தன.

எனக்கு அது பெரிய வலி. ஆனால் அந்த டியூபின் முன் உட்கார்ந்து பார்த்ததுதான் என் பாடம். முட்டைகள் ஈரப் பஞ்சை ஒட்டிக் குவிந்திருந்தன. புழுக்கள் நடுவில். பழுப்பு நிறக் கூடுகள், அதாவது உள்ளே எறும்பு உருவாகிக்கொண்டிருக்கும் பட்டுப்பைகள், காய்ந்த வாய்ப்பக்கம் அடுக்கியிருந்தன. ஒரு சாண் கண்ணாடிக் குழாயில் ஈரத்திலிருந்து காய்வு வரை எல்லாப் படியும் இருந்தது. நான் வார்த்த கூட்டில் இருந்தது ஒரே ஒரு பருவம்.

இந்த ஈரப் படிகளைப் பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் ஜானே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செய்துகாட்டியிருக்கிறார். பிளாஸ்டர் கட்டியில் வரிசையாக அறைகள், ஒரு முனையில் மட்டும் தண்ணீர்த் தொட்டி. ஈரம் ஊறி ஊறி மறுமுனைக்குப் போகும்போது தேய்ந்துவிடும், தேவையான இடத்தை எறும்பே தேர்ந்துகொள்ளும். எவ்வளவு எளிமையான யோசனை! எனக்கு அது பூஞ்சை பூத்த பிறகுதான் விளங்கியது.

மேஸ்திரி தந்த கல்லை ஐந்து நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றினேன். ஆக்சா பிளேடால் ஐந்து செ.மீ. கனத்துக்குப் பலகை அறுத்தேன். ஈரமாகவே குடைய வேண்டும். உலர்ந்த கல்லிலிருந்து பறக்கும் தூள் நெஞ்சுக்கு ஆகாது. பழைய ஸ்க்ரூடிரைவரும் தேய்ந்த கரண்டியும் போதும், கல் அவ்வளவு மென்மையானது. இந்தக் கல்லின் அழகே அதன் நுண்குமிழிகள்தான். சுவரிலும் கூரையிலும் எறும்பின் காலுக்குப் பிடி கிடைக்கிறது. நான்கே அறைகள், ஒன்றரை செ.மீ. ஆழம், நடுவே விரல் அகலத்துக்குக் குறைந்த பாதை. ஒரு ஓரத்தில், அறைகளிலிருந்து ஒரு செ.மீ. சுவர் விட்டு, ஒரு குழி. அதைக் கிணறு என்றே அழைக்கிறேன். சிரிஞ்சில் 10 மி.லி. தண்ணீர் விட்டால், கல்லில் கருத்த ஈரக்கோடு மெல்ல நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம். கோடு இரண்டாம் அறையைத் தாண்டியதும் நிறுத்திவிடுவேன்.

முகப்பைச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமமாக்க மட்டும் ஒரு முழு மாலை ஆனது. கண்ணாடிக்கும் கல்லுக்கும் இடையே தாள் நுழையும் இடைவெளி இருந்தாலும் சின்ன எறும்பு வெளியே வந்துவிடும். இந்த வேலையில் மட்டும் பொறுமை குறையக் கூடாது. கண்ணாடி மேல் சிவப்புக் கண்ணாடித்தாள். எறும்புக்குச் சிவப்பு ஏறக்குறைய இருட்டுதான். ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் லப்பக் எறும்புக் கூட்டின் மேல் வண்ணக் கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, 1882இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். அவர் வளர்த்த ராணி ஒன்று பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது. என் ராணியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது.

குடியேற்றத்துக்கு அவசரப்படுத்தவில்லை. புதுக் கூட்டை மூடி இருட்டாக்கி, பழைய டியூபின் மேலிருந்த துணியை எடுத்தேன். முதல் இரவு ஒருத்தி வந்து ஒவ்வொரு அறையையும் உணர்கொம்பால் தடவிவிட்டுப் போனாள். மூன்றாம் இரவு முட்டைக் குவியலைக் கவ்விக்கொண்டு வரிசை தொடங்கியது. கடைசியில் ராணி தானே நடந்து வந்தாள்.

இப்போது அறுபதுக்கு மேல் இருக்கின்றன. சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு, வாரம் இருமுறை நறுக்கிய கரப்பான் துண்டு. அவை இரை தேட வரும் வெளித்தட்டின் விளிம்பில், ஸ்பிரிட்டில் குழைத்த முகப்பவுடரை ஒரு பட்டையாகப் பூசியிருக்கிறேன், அதில் ஏறினால் வழுக்கும். வெயில் ஏறும் நாட்களில் பட்டுக்கூடுகளைக்கூட ஓர் அறை தள்ளிக் கிணற்றுப் பக்கம் கொண்டுவந்துவிடுகின்றன. அதைப் பார்த்துத்தான் அன்றைக்கு எத்தனை மி.லி. தண்ணீர் என்று முடிவு செய்கிறேன்.