குளிர் நுழையும் யன்னல்

வெப்ப நாட்டிலே பிறந்து வளர்ந்தோருக்கு யன்னல் என்றால் காற்று வரும் வழி. வீடு கட்டும்போது எத்தனை யன்னல் வைக்கலாம், தென்றல் எப்பக்கத்தால் வரும் என்றெல்லாம் எண்ணுவது எமது வழக்கம். குளிர் நாட்டிலே குடிபுகுந்த பின்னரே, அதே யன்னல் வீட்டின் வெப்பத்தைக் களவாடும் வாயிலாகவும் இருக்கக்கூடும் என்பதை நாம் அறிந்தோம். இலண்டனில் வாழும் பிள்ளைகளிடம் போய்வரும் பெற்றோர் இன்று எம்மவருள் பலர். அவர்களுக்கும், பௌதிகம் பயிலும் மாணவருக்கும் பயன்படலாம் என்றெண்ணி, எமது வீட்டில் நடந்த ஒரு வேலையைப் பற்றி இங்கு எழுதுகின்றோம்.

நாம் குடியிருப்பது இலண்டன் மாநகரின் வடமேற்கே உள்ள ஹரோ என்னும் பகுதியில். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே, புகையிரதப் பாதையைத் தொடர்ந்து அங்கு வீடுகள் ஏராளமாய் எழுந்தன. இரட்டைப் பிள்ளைகள்போல் இரண்டிரண்டாய் ஒட்டி நிற்கும் அவ்வீடுகளின் முன்னறையிலே, சுவரை விட்டு வெளியே பிதுங்கி, வளைவாகவோ மூன்று முகமாகவோ அமைந்த பெரிய யன்னல் ஒன்று இருக்கும். இதனைப் 'பே யன்னல்' என்பர். எமது வீட்டினது மூன்று முகங் கொண்டது.

இங்கிலாந்தில் ஒரு காலம் யன்னலுக்கே வரி இருந்தது. 1696ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட அவ்வரி 1851இலேதான் நீங்கியது. கண்ணாடி மீதிருந்த தீர்வை அதற்கு முன்னரே, 1845இல், நீங்கியிருந்தது. வெளிச்சத்துக்கு வரி செலுத்திச் சலித்த மக்கள், பின்னர் அதனை ஆசையோடு வீட்டுக்குள் அழைத்தனர் போலும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே சாதாரண குடும்பங்களின் வீடுகளிலும் பே யன்னல் இடம்பிடித்தது.

எமது அம்மாவுக்கு அவ்வீட்டில் மிகப் பிடித்த இடமும் அதுவே. யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையில் இருந்து தெருவைப் பார்த்துப் பழகியவர் அவர். பே யன்னலின் உள்ளே கதிரையைப் போட்டு அமர்ந்தால் வீதியின் இரு பக்கமும் தெரியும். தபாற்காரர் வரும் நேரம், பாடசாலைப் பிள்ளைகள் திரும்பும் நேரம், எதிர்வீட்டு முதியவர் நாயோடு உலாவும் நேரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆங்கிலம் அதிகம் அறியாத அவருக்கு அந்த யன்னலே அயலும் உறவுமாய் இருந்தது.

கார்த்திகை பிறந்ததும் அவ்வுறவு அறுந்தது. யன்னலருகே பத்து நிமிடம் இருந்தால் முழங்கால் விறைத்துப்போகும். கம்பளிப் போர்வைகள் இரண்டு போர்த்தும் பயனில்லை. பின்னறைக் கட்டிலோரத்திலே, தொலைக்காட்சியைப் பார்த்தபடி நாளைக் கழிக்கத் தொடங்கினார். தை மாதத்தில் ஒருநாள், "பிள்ளையள், எனக்கொரு ரிக்கற் எடுத்துத் தாங்கோ, நான் ஊருக்குப் போகப்போறன்" என்றார். அவர் குரலிற் கோபம் இல்லை. அதிலிருந்த சோர்வே எம்மை வருத்தியது. ஊரிலே அவரைப் பார்ப்பதற்கு இப்போது ஒருவரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எமக்கும் தெரியும்.

அந்த அறையில் வெப்பமூட்டும் சாதனம் இல்லாமலில்லை. கதவருகே உட்சுவரில் ஒரு 'ரேடியேற்றர்' இருந்தது. பொயிலரில் எரிவாயுவாற் சூடாக்கப்படும் நீர், குழாய் வழியே வந்து இந்த உருக்குப் பலகைக்குள் ஓடி, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் பொயிலருக்கே திரும்பும். முன்னாளில் இவ்வறைகளை வெப்பமாக்கியது நிலக்கரி அடுப்பு. 1952ஆம் ஆண்டு மார்கழியில் இலண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. அதன் பயனாய் 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1967 முதல் 1977 வரையில் நாடெங்கும் வீட்டுச் சாதனங்கள் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றப்பட்டன. கரியடுப்பு ஓய்ந்தது, ரேடியேற்றர் வீடுதோறும் புகுந்தது.

உட்சுவரில் ரேடியேற்றர் கொதிக்கின்றது. அறையின் நடுவே வெப்பமானி 20 பாகை செல்சியஸ் காட்டுகின்றது. அப்படியிருந்தும் யன்னலோரம் ஏன் குளிர்கின்றது? விடை கண்டவள் பாடசாலையிற் பௌதிகம் பயிலும் எமது மகள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பின், எரிந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எடுத்து மூடிய யன்னற் கண்ணாடியருகே பிடித்தாள். மேலே எழவேண்டிய புகை, கண்ணாடியை ஒட்டிக் கீழே வழிந்தது. நிலத்தைத் தொட்டதும் அம்மாவின் கதிரைக் கால்களைச் சுற்றிக்கொண்டு அறைக்குள் ஊர்ந்தது.

மாணவர் அறிந்த மேற்காவுகையே இது. குளிர்ந்த கண்ணாடியைத் தொடும் காற்று தானும் குளிர்ந்து, அடர்த்தி கூடிக் கீழே விழுகின்றது. உட்சுவர் ரேடியேற்றரில் எழும் சூடான காற்றோ கூரைத்தட்டை ஒட்டிச் சென்று, யன்னலை அடைந்து, அங்கே குளிர்ந்து விழும் காற்றோடு சேர்ந்து, நிலத்தின் வழியே திரும்புகின்றது. அறை முழுவதும் ஒரு காற்றுச் சக்கரம் சுழல்கின்றது. அச்சக்கரத்தின் குளிர்ந்த பாதம் படும் இடத்திலேதான் அம்மாவின் கதிரை இருந்தது. மூன்று முகத்திலும் ஒற்றைக் கண்ணாடி. அதன் கீழே இடுப்பளவு உயரமான மெல்லிய சுவர். குளிருக்கு இதைவிட நல்ல வாசல் வேண்டுமோ?

வேலைக்கு வந்தவர் ஐம்பது வயது கடந்த ஓர் ஐரிஷ்காரர். பொயிலரிலோ எரிவாயுக் குழாயிலோ கைவைக்க அந்நாட்டிற் பதிவுபெற்றவருக்கு மட்டுமே அனுமதி உண்டு. அவர் தமது பதிவு அட்டையைக் காட்டிய பின்னரே வேலைப் பையைத் திறந்தார். வழிகள் மூன்று என்றார். உட்சுவரில் இருப்பதைக் கழற்றிவிட்டுப் பெரியதொன்றைப் பூட்டுவது முதலாவது, செலவு குறைவு. யன்னலின் வடிவுக்கேற்ப மடித்துச் செய்த ஒரே ரேடியேற்றரைத் தருவிப்பது இரண்டாவது. பார்வைக்கு அழகு, விலையோ மிக அதிகம். நடு யன்னலின் கீழே நீளமானதொன்றும் இருபக்கமும் சிறியவை இரண்டுமாக மூன்றைப் பொருத்துவது மூன்றாவது. விலை நடுத்தரம், இணைப்பு வேலை அதிகம்.

நாம் தொகைகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கையில் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "இந்த அறையில் யார் அதிக நேரம் இருக்கின்றார்? எங்கே இருக்கின்றார்?" நாம் கதிரையைக் காட்டினோம். "அப்படியானால் வெப்பம் அங்கேதான் போகவேண்டும்" என்று கூறி அளவுகோலை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குச் சென்றார். மூன்றாம் வழியே முடிவாயிற்று. கண்ணாடியை இரட்டையாக்குவதும் நன்றே. அதன் செலவு பெரிதாகையால் அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கினோம்.

தரைப் பலகைகள் பெயர்க்கப்பட்டன. அடியிலே காற்றோடும் வெற்றிடம். அதன் வழியே 15 மில்லிமீற்றர் செப்புக் குழாய்கள் இரண்டு யன்னலை நோக்கிச் சென்றன. ஒன்று சூடான நீர் வரும் குழாய், மற்றது திரும்பும் குழாய். கீழே வீசும் குளிர்காற்று வழியிலேயே வெப்பத்தைப் பறிக்காதிருக்க அவற்றுக்கு உறை போடப்பட்டது. ஒரு ரேடியேற்றரின் வழியாக அடுத்ததற்கு நீரை விட்டால் குழாய் மிச்சமாகும். ஆனால் கடைசியில் உள்ளதற்கு ஆறிய நீரே சேரும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு வரும் கிளையும் ஒரு திரும்பும் கிளையும் கொடுக்கப்பட்டன. பழைய நீர் வெளியேறியபோது மைபோற் கறுத்திருந்தது. உள்ளே உருக்குத் துருப்பிடித்த கறுப்பு அது. குழாய்களைக் கழுவி, துருவைத் தடுக்கும் திரவம் கலந்து, புதுநீர் நிரப்பினார். ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் உள்ள சிறு திருகைத் திறக்க, அடைபட்ட காற்று சீறி வெளியேறியது. நீர் எட்டிப் பார்த்ததும் மூடினார்.

அதன் பின்னரும் ஒரு குறை இருந்தது. முதலாவது கொதிக்க, கடைசியில் இருந்தது வெதுவெதுப்பாகவே நின்றது. அவர் முதலாவதன் திரும்பும் வாயில் உள்ள வால்வைச் சற்று இறுக்கினார். நடுவில் உள்ளதை அதைவிடக் குறைவாக இறுக்கினார். கடைசியை முழுதும் திறந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "உது எங்கட தோட்டத்து வேலையெல்லே! கிட்டவுள்ள பாத்தியின்ரை வாயைச் சுருக்கினாத்தான் கடைசிப் பாத்திக்குத் தண்ணி போகும்" என்றார். தகப்பனாரின் மிளகாய்த் தோட்டத்திலே மண்வெட்டியோடு நின்று தண்ணீர் மாறியவர் அவர். நாம் மொழிபெயர்த்துச் சொன்னதும் ஐரிஷ்காரர் தொப்பியைக் கழற்றி அம்மாவுக்கு மரியாதை செய்தார்.

பின்னர் அவர் விளக்கினார்: நீர் எப்போதும் இலகுவான வழியையே நாடும். உட்செல்லும் குழாய்க்கும் வெளிவரும் குழாய்க்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டை அளந்தே பங்கீட்டைச் சரிபார்ப்பர். பழைய பொயிலர்களுக்கு அது 11 பாகையளவு. புகையின் நீராவியை ஒடுக்கி அதன் வெப்பத்தையும் மீட்கும் புதிய வகைக்கு 20 பாகையளவு. திரும்பும் நீர் 55 பாகைக்குக் கீழே இருந்தாற்றான் அந்த மீட்பு நன்கு நடக்கும். ரேடியேற்றரின் பரப்புப் பெரிதாயின் நீர் அத்துணை சூடாக இருக்கவேண்டியதில்லை, எரிபொருளும் மிச்சம்.

அடுத்த மாற்றம் எமது கையாலேயே நடந்தது. நிலந்தொடத் தொங்கிய திரைச்சீலை ரேடியேற்றர்களை மூடினால், வெப்பம் திரைக்கும் கண்ணாடிக்கும் இடையே சிறைப்பட்டு வீணாகும். அதனை யன்னற் பலகையின் மட்டத்துக்குக் கத்தரித்துத் தைத்தோம்.

இப்போது கண்ணாடியில் விழும் குளிர்காற்றை, கீழிருந்து எழும் சூடான காற்று வழியிலேயே எதிர்கொள்கின்றது. அறையின் வெப்பமானி முன்போலவே 20 பாகைதான் காட்டுகின்றது. ஆனால் அம்மா போர்வையின்றிக் கதிரையில் இருக்கின்றார். ரிக்கற் பற்றிய பேச்சை அவர் முற்றாக விட்டுவிடவில்லை. "வெய்யில் வரட்டும், போய் வருவம்" என்கின்றார். 'போகப்போறன்' என்றது 'போய் வருவம்' ஆயிற்று. அது எமக்குப் போதும்.

வயது முதிர்ந்தோரைக் குளிர் நாட்டுக்கு அழைத்திருக்கும் பிள்ளைகளுக்கு எமது வேண்டுகோள் ஒன்றே. வெப்பமானி காட்டும் எண்ணோடு அமையாது, அவர்கள் அமரும் கதிரையில் நீங்களும் அரை மணி நேரம் அமர்ந்து பாருங்கள். எந்தப் பக்கத்தால் குளிர் வருகின்றது என்பதை உங்கள் முழங்காலே சொல்லிவிடும்.